அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து இன்ஜினியரிங் சேரும் முதல் தலைமுறை மாணவர்கள், கல்லூரியில் ஒட்டாமல் ஒதுங்கியே இருக்கிறார்களே, ஆசிரியர்கள் என்ன செய்யலாம்?

முதலாமாண்டுக்குக் கணக்கு எடுக்கிறவன் நான். முதலில் எதைச் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த கல்லூரியில் பாடம் நடக்கும்போதே அலுவலகத்திலிருந்து ஆள் வருவார். "ஏழரை சதவீதம், ஃபர்ஸ்ட் கிராஜுவேட் எல்லாம் எழுந்திரு. போனஃபைட் வாங்கிட்டுப் போ." அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% ஒதுக்கீட்டிலும் முதல் பட்டதாரி சலுகையிலும் சேர்ந்த நாலைந்து பேர், அந்தச் சான்றிதழுக்காக எழுந்து நிற்பார்கள், மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும். சலுகையைக் கொடுத்துவிட்டு மானத்தை வாங்குகிற வேலை. தனித்தனியாக வாட்ஸ்அப்பில் சொன்னால் போதாதா?

2021 முதல் 7.5% ஒதுக்கீட்டில் வருகிறவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாயும் வருகிறது. சேர்ந்துவிடுகிறார்கள். அப்புறம் வகுப்பில் வாய் திறப்பதுதான் பெரும்பாடு.

அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்பவர் 1970களில், சில மாணவர்கள் ஏன் பின்தங்குகிறார்கள் என்று ஆராய்ந்தார். கால்குலஸில் தடுமாறிய கறுப்பின மாணவர்கள் உழைக்காமல் இல்லை. தனியாக உட்கார்ந்து உழைத்தார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்களோ கூடிப் படித்தார்கள். அதனால் அவர் 'சுமாராகப் படிப்பவர்களுக்கான' தனி வகுப்பு வைக்கவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து போட வைத்தார். மதிப்பெண் ஏறியது.

நானும் அதைத்தான் செய்கிறேன். நாலு பேர் குழுவை முதல் வாரமே நானே பிரித்துவிடுவேன். அவர்களாகச் சேர்ந்தால் பள்ளி, ஊர் பார்த்துத்தான் சேர்வார்கள் (வேறொன்றும் பார்ப்பார்கள், நமக்குத் தெரியாததா). பேசுவது தமிழில், எழுதுவது ஆங்கிலத்தில். ஒருமுறை 3×3 அணிக்கு (மேட்ரிக்ஸ்) அதன் மூன்று ஐகன் மதிப்புகளையும் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தேன். அவற்றின் கூட்டுத்தொகை, அணியின் மூலைவிட்ட எண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வர வேண்டும். மற்ற மூவரும் விடை வந்த குஷியில் இருக்க, அதுவரை பேசாத பையன் மெதுவாக, "மூலைவிட்டத்தைக் கூட்டினா 7 தானே வருது, உங்க மூணையும் கூட்டினா 9 வருதே" என்றான். அடுத்த கணக்கில் பேனாவை அவனிடம் கொடுத்துவிட்டார்கள். தனியாக உட்கார வைத்து ஊக்கப் பேச்சு பேசியிருந்தால் இது நடந்திருக்காது.

இன்னொன்று, அறிமுக வாரத்தில் மேடையேற்ற டாப்பரைத் தேடாதீர்கள். எம்-1ல் (முதல் செமஸ்டர் கணக்கு) அரியர் வைத்து, அப்புறம் தேறி வந்த மூன்றாமாண்டு மாணவியைப் பேச விடுங்கள். எங்களிடம் அப்படி ஒருத்தி பேசியபோது கேள்விகள் நிற்கவே இல்லை. பாதிக் கேள்வி ரீவேல்யுவேஷனுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதுதான்.