சாமான் கப்பல் ஏன் திரும்பி வரவேண்டும்?

ஐயா, வணக்கம்.

மல்லாவியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன கிழமை பொழுதுபட்ட பிறகு, வவுனிக்குளக் கட்டில் நின்று விண்வெளி நிலையம் கடந்துபோவதைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். அங்கே சாமான் கொண்டுபோகும் கலங்கள் பல எரிந்துபோகும் என்றதும் ஒரு பெடியன், "கொழும்பிலிருந்து வாற லொறியைச் சாமான் இறக்கின உடனே கொளுத்தினால் ஆருக்கு ரீச்சர் கட்டுபடியாகும்?" என்று கேட்டான். திரும்பப் பாவிக்கும் கலங்கள் இருக்க, ஏன் இன்னும் எரிக்கிறார்கள்? கலம் திரும்பி வந்தால் கிடைக்கிற லாபம் காசு மட்டும்தானா?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

கெட்டிக்காரப் பெடியன். ஆனால் எரிப்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ரஷ்யாவின் சாமான் கலமான புரோகிரஸ் 1978 முதல் பறக்கிறது. இன்றைய புரோகிரஸ் சுமார் இரண்டரைத் தொன் சாமானை இறக்கிவிட்டு, நிலையத்துக் குப்பையை ஏற்றிக்கொண்டு பசிபிக்குக்கு மேலே எரிந்துபோகும். பத்திரமாகத் திரும்ப வேண்டுமென்றால் வெப்பக் கவசம் வேண்டும், பரசூட் வேண்டும், அடியைத் தாங்கும் உடம்பு வேண்டும். அத்தனையும் பாரம். அந்தப் பாரத்தின் அளவுக்குச் சாமான் குறையும். குப்பைக்கு அவ்வளவு செலவு எதற்கு?

சரி, குப்பை மட்டும்தானா கீழே வரவேண்டும்? வீரர்களின் இரத்த மாதிரிகள், அங்கே வளர்த்த பளிங்குகள், பழுதாகிப்போன கருவிகள் எல்லாம் ஆய்வுகூடத்துக்கு வந்தால்தான் பயன். 2011 ஜூலையில் அமெரிக்க விண்ணோடங்கள் ஓய்வுபெற்றதும், ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் வீரர்களோடு வரும் சிறு பொதிகளைத் தவிர வேறு எதையும் இறக்க வழியில்லாமல் போனது. 2012 மே மாதம் அமெரிக்க நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலம் நிலையத்துக்குப் போய், பசிபிக்கில் பத்திரமாக இறங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. என்னைக் கேட்டால் காசைவிட இதுதான் பெரிய லாபம். இத்தனை பேர் உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் ஆராய்ச்சியின் பலன் மேலேயே தங்கிவிடக் கூடாது.

அதே கூட்டைத் திரும்பப் பறக்கவிட்டது அதற்குப் பிறகுதான். 2014 இல் போய்வந்த டிராகன் ஒன்று 2017 ஜூனில் மறுபடி போனது. அதற்கும் வெப்பக் கவசத்தையும் மின்கலங்களையும் மாற்ற வேண்டியிருந்தது. இப்போதைய டிராகனும் சூரியத் தகடுகள் உள்ள பின்பகுதியைக் கழற்றி விட்டுவிட்டுத்தான் இறங்கும், அது பெரும்பாலும் எரிந்துபோகும். விண்ணோடமும் திரும்பத் திரும்பப் பறந்ததுதான், ஆனால் அதன் உடம்பில் 20,000 க்கு மேற்பட்ட வெப்ப ஓடுகள். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அவற்றைச் சோதித்துப் பழுதுபார்க்க வேண்டும். டீசல் அடித்துக்கொண்டு மறுநாளே வெளிக்கிடுகிற காரியமில்லை என்று பெடியனிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. காற்றோடு உராய்வதால்தான் கலம் சூடாகிறது என்று பலர் படிப்பிக்கிறார்கள். முக்கிய காரணம் அதுவல்ல. மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கலம் முன்னாலுள்ள காற்றை நெரிக்கிறது. நெரிபடும் காற்று கொதிக்கிறது. வகுப்புக்கு ஒரு சைக்கிள் பம்பைக் கொண்டுபோங்கள். பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு வேகவேகமாக அடிக்கச் சொல்லி, பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அந்தப் பெடியன் என்ன கேட்டான் என்று கட்டாயம் எழுதுங்கள்.