கன்வெர்ட்டரை மாற்றும் முன்...

வாசகர் கேள்விகளுக்கு மெக்கானிக் பதில்

என்னுடையது 2012 மாடல் பெட்ரோல் கார். சென்னைப் பதிவு, பி.எஸ்-4. புகைப் பரிசோதனையில் ஃபெயில் ஆகிவிட்டது. சீட்டில் ஐடிலிங் சி.ஓ. 0.84 சதவீதம், எச்.சி. 310, லாம்டா 0.95 என்று இருக்கிறது. சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, மாற்றினால்தான் பாஸ் ஆகும் என்கிறார் எங்கள் மெக்கானிக். மைலேஜும் 15-லிருந்து 11-க்கு இறங்கிவிட்டது. கோடையில் வண்டி சூடேறியபோது ஏதோ வால்வைக் கழற்றினார்கள். அதிலிருந்து டெம்பரேச்சர் முள் அடியிலேயே கிடக்கிறது, சூடு தொல்லை இல்லை. கன்வெர்ட்டர் வாங்கிவிடலாமா?
– வாசகர், பெரம்பூர்

கொஞ்சம் பொறுங்கள் சார். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வால்வு விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

முதலில் சீட்டைப் பார்ப்போம். சி.ஓ. என்பது கார்பன் மோனாக்சைடு, எச்.சி. என்பது எரியாத பெட்ரோல் (ஹைட்ரோகார்பன்), லாம்டா என்பது காற்று-பெட்ரோல் கலவையின் அளவு. பி.எஸ்-4 (பாரத் ஸ்டேஜ் என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி) பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, சி.ஓ. 0.3 சதவீதம், எச்.சி. 200 பி.பி.எம். வரை போகலாம். உங்களுடையது இரண்டிலும் தாண்டிவிட்டது. ஆனால் நான் பார்ப்பது மூன்றாவது எண்ணை. இன்ஜினை 2,500 ஆர்.பி.எம். அளவில் ஓடவிட்டு எடுக்கும் லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் நடுவில் இருக்க வேண்டும். சரியாக 1 என்றால், உள்ளே போன பெட்ரோல் முழுதாக எரியத் தேவையான காற்றும் கூடவே போயிருக்கிறது என்று பொருள். உங்களுக்கு 0.95. காற்று ஐந்து சதவீதம் குறைவு, அதாவது பெட்ரோல் அதிகம்.

இந்த எண் கன்வெர்ட்டரைச் சார்ந்ததல்ல. கன்வெர்ட்டர் செத்துப்போனால் சி.ஓ.வும் எச்.சி.யும் ஏறும், ஆனால் லாம்டா இருந்த இடத்திலேயே இருக்கும். வெளியே வரும் வாயுக்களை எல்லாம் கூட்டிக் கழித்து, உள்ளே என்ன கலவை போனது என்று மெஷின் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் லாம்டா. ஆகவே பெட்ரோல் கூடுதலாகப் போகிறது என்று உங்கள் சீட்டே சொல்கிறது. மைலேஜ் இறங்கியதும் அதனால்தான். பல சென்டர்களில் இந்த எண்ணை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஃபெயில் என்று வந்ததும் விலை அதிகமான சாமானைக் கைகாட்டிவிடுவார்கள்.

சரி, பெட்ரோல் ஏன் கூடுகிறது? கோடையில் கழற்றியது தெர்மோஸ்டாட் வால்வாகத்தான் இருக்கும். வண்டி சூடேறினால் அதைப் பிடுங்கிப் போடுவது நம் ஊர்ப் பட்டறைகளில் பழைய வழக்கம். கார்புரேட்டர் காலத்தில் அப்படி ஓட்டிச் சமாளித்தார்கள். உங்கள் காரில் இன்ஜினின் சூட்டை சென்சார் வழியாக ஈ.சி.யூ. என்ற குட்டிக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டே இருக்கிறது. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால், சூடு ஏறும்வரை கூடுதலாக ஊற்றும். சூடு ஏறும்வரை கூலன்ட்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பதுதான் அந்த வால்வின் வேலை. அது இல்லாவிட்டால் கூலன்ட் நேரே ரேடியேட்டருக்குப் போய்விடும். ஓடுகிற வண்டியில் சூடு ஏறவே ஏறாது. காலையில் ஸ்டார்ட் செய்த வண்டி மத்தியானமும் இன்னும் குளிர்ந்தே இருப்பதாக ஈ.சி.யூ. நினைத்துக்கொள்ளும். முள் அடியில் கிடப்பதை நல்ல சேதி என்று நினைக்காதீர்கள்.

இதை உறுதி செய்ய அரை மணி நேரம் போதும். ஸ்கேனர் இருக்கும் பட்டறைக்கு, குறைந்தது 15 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போங்கள். கூலன்ட் வெப்பநிலை என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். 85, 90 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டியது 60-ல் நின்றால் விஷயம் முடிந்தது. உங்கள் மாடலுக்குரிய தெர்மோஸ்டாட்டைப் போட்டு, கூலன்ட்டை மாற்றி, உள்ளே காற்று நிற்காமல் பிளீட் செய்யச் (காற்றை வெளியேற்றச்) சொல்லுங்கள். கன்வெர்ட்டர் விலைக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் கோடையில் ஏன் சூடேறியது என்பதையும் பார்த்துவிடுங்கள். ரேடியேட்டர் அடைப்போ, ஃபேன் கோளாறோ அப்படியே இருந்தால் வால்வு போட்டதும் மறுபடி கொதிக்கும்.

அப்புறம் இன்னொன்று. ஆயில் பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்கியிருக்கிறது. சில வண்டிகளில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியேகூட இருக்கும். அந்த ஆவி திரும்ப இன்ஜினுக்குள்ளேயே இழுக்கப்படும், சி.ஓ. ஏறும். எனவே ஆயிலை மாற்றாமல் மறு டெஸ்டுக்குப் போகாதீர்கள். பிளக்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நுனி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நல்லது. கரி படிந்து, விரலில் மை போல ஒட்டும் பிளக் சரியாகப் பொறி போடாது. எச்.சி. 310 வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

செக் இன்ஜின் விளக்கைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. சாவியை ஆன் செய்ததும் எரிந்து, இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பு போயிருக்கலாம், அல்லது கோளாறு தெரியாமலிருக்க யாரோ அதன் வாயை அடைத்திருக்கலாம். அப்படியும் நடக்கிறது!

இத்தனையும் செய்து லாம்டா 1-ஐ ஒட்டி வந்தபிறகும் சி.ஓ. இறங்கவில்லையா? அப்போது கன்வெர்ட்டரைச் சந்தேகப்படலாம். அதை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டும்போது உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டால், அதற்குள் இருக்கும் பீங்கான் உடைந்துவிட்டது, மாற்றியே ஆகவேண்டும். கலவையைச் சரிசெய்யாமல் இப்போதே புதிது போட்டால், அதையும் இந்தக் கூடுதல் பெட்ரோல் சீக்கிரம் கெடுத்துவிடும்.

மறு டெஸ்டுக்கு வண்டி நன்றாகச் சூடாகப் போக வேண்டும். வரிசையில் நிற்கும்போது இன்ஜினை அணைக்காதீர்கள். குளிர்ந்த கன்வெர்ட்டர் வேலை செய்யாது.

காய்கறி ஏற்றும் டீசல் பிக்கப், 2014 மாடல். புகையின் அடர்த்தி 2.1 என்று வந்தது, அளவு 1.62 என்று சொல்லி ஃபெயில் போட்டுவிட்டார்கள். பம்ப், நாசில் எல்லாம் பார்க்க வேண்டுமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பம்பில் கைவைக்க வேண்டாம். ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். பி.எஸ்-4 முறை 2010-ல் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில்தான் முதலில் வந்தது, நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில். 2014-ல் உங்கள் பக்கம் விற்ற பல வண்டிகள் பி.எஸ்-3. உங்களுடையதும் அதுவானால் அளவு 2.45, நீங்கள் பாஸ். சென்டரில் உங்கள் வண்டியைத் தவறாக பி.எஸ்-4 என்று எடுத்திருக்கலாம், ஆர்.சி.யைக் காட்டிப் பேசுங்கள். பி.எஸ்-4 என்றே இருந்தால் ஏர் ஃபில்டரிலிருந்து ஆரம்பியுங்கள். சந்தைத் தூசியில் ஓடும் வண்டிக்குப் பாதிப் புகை அங்கிருந்துதான். அடுத்து டர்போ ஹோஸில் விரிசல், அதற்கடுத்து ஈ.ஜி.ஆர். வால்வில் (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடுவது) கரி.

2009 மாடல் ஸ்கூட்டர். சி.ஓ. 4.6 காட்டுகிறது. கடையில் ஒரு பாட்டில் கெமிக்கல் தந்து பெட்ரோலில் ஊற்றச் சொல்கிறார்கள். பலன் இருக்குமா?
– வாசகி, கரூர்

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் அம்மா. உங்கள் வண்டிக்கு 3.5 வரை அனுமதி உண்டு, அதற்குள் கொண்டுவருவது சிரமமே இல்லை. சோக் கேபிள் முழுதாகத் திரும்புகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஸ்கூட்டர்களில் அது பாதியில் சிக்கிக்கொண்டு பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும். பிறகு ஏர் ஃபில்டரை மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி, காற்று-பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் ஸ்க்ரூவை, டெஸ்ட் மெஷின் குழாய் சைலன்சரில் இருக்கும்போதே திருப்பி அளவு வைக்கச் சொல்லுங்கள். காதால் கேட்டு வைக்கும் டியூனிங் ஓட்டுவதற்குச் சுகமாக இருக்கும், டெஸ்டில் நிற்காது.