ஒட்டுக்கேட்க ஆள் வேண்டாத காலம்

வியாசர்பாடியில் எங்கள் படிப்பகத்தில் அரசு நம் போனை வேவு பார்ப்பது, நெட்டை நிறுத்துவது பற்றி ஞாயிறு மாலை வந்த கேள்விகளும் என் பதில்களும். தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னைக் கேட்டார்கள்.

அந்தக் காலத்திலும் ஒட்டுக்கேட்டார்களே தோழர், இப்போது என்ன புதுசு? (காசிமேடு மீனவர்)

ஆள் கணக்குதான் புதுசு. அன்று ஒரு லைனைக் கேட்க ஒருவர் ஹெட்போன் மாட்டி உட்கார வேண்டும். அதனால் கொஞ்சம் பேரைத்தான் கேட்க முடிந்தது. அதற்கும் 1996இல் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது: உள்துறைச் செயலர் கையெழுத்து வேண்டும், உத்தரவு இரண்டு மாதம்தான் செல்லும், மறுஆய்வுக் குழு பார்க்கும்.

இன்று சீனாவின் சின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்களுக்கு நடப்பதைப் பாருங்கள். கேமரா, போன், சோதனைச் சாவடி எல்லாம் ஒரே கணினி அமைப்பில் வந்து சேர்கின்றன. போலீஸ் அதற்கு வைத்திருந்த செயலியை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு பிரித்துப் பார்த்து 2019இல் அறிக்கை வெளியிட்டது. அக்கம்பக்கத்தில் பழகாதவர், முன்வாசலை அதிகம் பயன்படுத்தாதவர், கரண்ட் அதிகம் இழுப்பவர் எல்லாருமே அதன் கண்ணுக்குச் சந்தேகத்துக்குரியவர்கள். நம் தெருவில் வீட்டிலேயே வெல்டிங் போடுகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களைக் குறித்துக் கொடுப்பது இயந்திரம். யாரும் கையெழுத்துப் போடவில்லை என்றால் யாரிடம் போய்க் கேட்பது?

கண்ட லிங்க்கைத் தொடாவிட்டால், போனுக்குள் புகுந்து வேவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் வராதுதானே சார்? (கல்லூரி மாணவி, பெரம்பூர்)

வரும், பாப்பா. 2019இல் வாட்ஸ்அப் கால் வழியாகவே அதை ஏற்றினார்கள். அழைப்பை எடுக்காவிட்டாலும் ஏறியது. சுமார் 1,400 பேர் குறிவைக்கப்பட்டார்கள். செய்தது இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனம், அரசுகளுக்கு மட்டும்தான் விற்கிறோம் என்பது அவர்கள் வாதம். ஆனால் வேவு பார்க்கப்பட்டவர்களில் பத்திரிகையாளர்களும் மனித உரிமைக்காரர்களும் இருந்தார்கள்.

வாட்ஸ்அப் தொடுத்த வழக்கில் 2024 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் அந்த நிறுவனமே பொறுப்பு என்றது. இங்கே 2021 அக்டோபரில் நம் உச்ச நீதிமன்றம் பெகாசஸ் பற்றி விசாரிக்க நிபுணர் குழு அமைத்தபோது, தேசப் பாதுகாப்பு என்று சொல்லி அரசு ஒவ்வொரு முறையும் தப்பிக்க முடியாது என்றது. அதை ஒவ்வொரு வக்கீலும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

போனை அப்டேட் செய், அடிக்கடி அணைத்துப் போடு. கொஞ்சம் உதவும், முழுக் காப்பு இல்லை.

நெட்டை நிறுத்தினால் எங்கள் பிழைப்பே போகிறது அண்ணே. கேட்க முடியாதா? (சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பி, ஓட்டேரி)

முடியும். 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் நெட்டை நிறுத்தினார்கள். செத்தவர் யார், காயம் யாருக்கு என்று குடும்பங்கள் தேடிய நேரம் அது. மியான்மரில் 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு ராணுவம் நள்ளிரவு 1 மணி முதல் காலை 9 வரை நெட்டை நிறுத்தியது. அந்த இருட்டில் யாரைப் பிடித்துப் போகிறார்களோ என்று ஜனங்கள் விழித்துக் கிடந்தார்கள்.

காஷ்மீரில் நெட்டை நிறுத்தியது பற்றிய வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது: காலவரையில்லாமல் நிறுத்தக் கூடாது, உத்தரவை வெளியிட வேண்டும். அதன் பிறகு ஓர் உத்தரவுக்கு 15 நாள்தான் என்று விதியும் வந்தது. நெட் நின்றால் உங்கள் சங்கம் முதலில் கேட்க வேண்டியது உத்தரவின் நகல்.

ஜனநாயக நாட்டிலும் கேமரா இருக்கிறதே? (ஆசிரியை, தண்டையார்பேட்டை)

இருக்கிறது டீச்சர். வேவு மென்பொருளை விற்பவர்களிலும் ஜனநாயக நாட்டுக் கம்பெனிகள் உண்டு. அங்கே தடுத்து நிறுத்த ஒரு வழி இருக்கிறது, அதுதான் வித்தியாசம். பொது இடத்தில் போலீஸ் நேரடியாக முகம் அடையாளம் காண்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடுத்திருக்கிறது, சில விலக்குகளோடு. நம்முடைய 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, மத்திய அரசு தன் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுக்க இடம் வைத்திருக்கிறது. அந்த ஓட்டைதான் எனக்குப் பெரிய கவலை. நம் எம்.பி.யிடம் கேட்க வேண்டிய கேள்வி இது.

அப்போ போனே வேண்டாமாப்பா? (எண்ணூர் ஆயா ஒருவர்)

அய்யோ, வேண்டும் ஆயா. 2023 டிசம்பரில் உங்கள் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்ததைப் பிள்ளைகள் போனில்தானே எடுத்தார்கள்? எடுக்கட்டும். போராட்டத்துக்குப் போகும்போது மட்டும் கைரேகைப் பூட்டை எடுத்துவிட்டு நீளமான கடவுச்சொல் போடச் சொல்லுங்கள். மற்றவர் முகம் தெரியும் படத்தை அவரைக் கேட்காமல் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.