படகில் போய்த் திமிங்கிலம் பார்ப்பது: கேள்வி பதில்

கேள்வி: எவ்வளவு பக்கத்தில் போகலாம்?

பதில்: பல நாடுகளின் விதிப்படி திமிங்கிலத்துக்கு 100 மீட்டர், டால்பினுக்கு 50 மீட்டர். சில இடங்களில் இன்னும் அதிகம். கிளம்பும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். தூரம் மட்டும் போதாது, நெருங்கும் விதமும் சரியாக இருக்க வேண்டும். 300 மீட்டரிலேயே வேகத்தை 6 நாட் (knot, மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர்) அளவுக்குக் கீழே இறக்குங்கள். எதிரே போனால் வழிமறிக்கிறீர்கள். பின்னால் போனால் துரத்துகிறீர்கள். பக்கவாட்டில், சற்றுப் பின்தங்கி, அது போகும் திசைக்கு இணையாக ஓட்டுங்கள். வாலைத் தூக்கி முங்கிவிட்டால் அந்த இடத்துக்கு விரையாதீர்கள். ஸ்பெர்ம் திமிங்கிலம் முக்கால் மணி நேரம்கூட அடியில் இருக்கும். மேலே வந்து மூச்சு வாங்குவது பத்து நிமிடம் போலத்தான். அதைக் கெடுத்தால் அடுத்த முங்கலுக்கு வேண்டிய காற்று அதற்குக் கிடைக்காது.

கேள்வி: அதுவே நம்மிடம் வந்தால்?

பதில்: கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு அசையாமல் நில்லுங்கள். இஞ்சினை அணைக்க வேண்டாம்.

கேள்வி: இதை ஏற்க முடியவில்லை. சத்தம்தானே தொந்தரவு? அணைப்பதுதானே நல்லது?

பதில்: படகுச் சத்தத்தில் பெரும்பங்கு, வேகமாகச் சுழலும் புரொப்பல்லரைச் சுற்றி உடையும் குமிழிகளிலிருந்து வருகிறது. நியூட்ரலில் அது நின்றுவிடும். மிஞ்சும் மெல்லிய ஓசை, படகு எங்கே இருக்கிறது என்று திமிங்கிலத்துக்குக் காட்டும். டால்பினைப் போல எதிரொலியால் இடமறியும் திறன் பலீன் திமிங்கிலங்களிடம் (பல்லுக்குப் பதிலாகச் சல்லடை போன்ற தகடுகள் உள்ளவை) காணப்பட்டதில்லை. சத்தமே இல்லாத படகை அவை கவனிக்காமல் போகலாம். அணைத்த படகு காற்றில் அவற்றின் மேலேயே மிதந்து போகவும் கூடும். பக்கத்தில் வைத்துத் திடீரென்று ஸ்டார்ட் செய்தால் திடுக்கிடும்.

கேள்வி: ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கப் போகிறோமென்றால்?

பதில்: அப்போது உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு நிமிடமாவது நியூட்ரலில் ஓடவிட்டு அணையுங்கள். எல்லாத் திமிங்கிலமும் எங்கே என்று கண்ணால் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: குட்டியோடு இருந்தால் 50 மீட்டர் போகலாமா?

பதில்: 300 மீட்டருக்குள்ளேயே போகாதீர்கள்.

கேள்வி: டால்பின்கள் அணியத்துக்கு (படகின் முன்முனைக்கு) முன்னால் நீந்தினால்?

பதில்: வேகத்தையும் திசையையும் மாற்றாதீர்கள். விலகுவதை அவை முடிவு செய்யட்டும். கூட்டத்தின் நடுவே புகுந்து அவற்றை வரவழைக்காதீர்கள்.

கேள்வி: மீன் போடலாமா?

பதில்: கூடாது. தீனிக்குப் பழகிய டால்பின் படகுகளைத் தேடி வந்து புரொப்பல்லரில் அடிபடும்.

கேள்வி: போனில் சின்னதாக விழுகிறது. கொஞ்சம் நெருங்கினால்?

பதில்: தூரத்தைப் பற்றி மூன்றாவது முறை கேட்கிறீர்கள். 100 மீட்டர். 7 மடங்கு பைனாகுலர் எடுத்துப் போங்கள். அதற்கு மேல் படகின் ஆட்டத்தில் நடுங்கும்.

கேள்வி: டிரோன்?

பதில்: உங்கள் நாட்டு விமானத் துறையையும் வனத்துறையையும் கேளுங்கள்.

கேள்வி: தொந்தரவாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

பதில்: அடிக்கடி திசை மாற்றும், முங்கும் நேரம் நீளும், வாலால் தண்ணீரை அறையும், கூட்டம் நெருக்கியடித்துச் சேரும். இதில் ஒன்றைக் கண்டாலும் மெதுவாக விலகுங்கள். 300 மீட்டர் தாண்டிய பிறகே வேகம் கூட்டுங்கள். ஏற்கெனவே மூன்று படகுகள் நின்றால் தள்ளிக் காத்திருங்கள்.