தொப்பியின் உச்சி சேவல் கொண்டை மாதிரி வந்தால்

பாண்டிருப்பிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். தம்பிக்கு ரொறொன்ரோவில் இது முதல் குளிர்காலமாம். அவனுக்குப் புடைப்பு வரி போட்ட கனமான தொப்பி ஒன்றைக் குரோஷேயில் (கொக்கி ஊசிப் பின்னலில்) பின்னி அனுப்ப ஆசை. யூடியூபில் ஒரு அமெரிக்கப் பெண் போட்ட கணக்கைக் கொப்பியில் எழுதிவைத்து, சுற்றுக்குச் சுற்று 12, 24, 36 என்று ‘டபுள் குரோஷே’ என்ற தையலைக் கூட்டிக்கொண்டே போனாராம். உச்சி தட்டையாக வராமல் சேவல் கொண்டை மாதிரி நெளிந்து எழும்பிவிட்டது, தொட்டால் பலகை மாதிரி விறைப்பு. கடையில் வாங்கிய வூல்தான் பிழையா, பக்கத்தில் மருதமுனையில் நெசவு நூல் கிடைக்கிறதே, அதில் பின்னினால் சரிவருமா என்று கேட்கிறார்.

நூலில் பிழையில்லை தங்கச்சி, பிழை பெயரில். நமக்கெல்லாம் பழக்கம் இங்கிலாந்துப் பெயர்கள். அமெரிக்கக்காரர் டபுள் குரோஷே என்று சொல்வது நமது ட்ரெபிள். நமது டபுள் குரோஷேயை அவர்கள் சிங்கிள் என்பார்கள். நீங்கள் அவருடைய பெயரை எடுத்து நமது தையலைப் போட்டிருக்கிறீர்கள், அதாவது உயரமான தையலுக்குச் சொன்ன கணக்கில் குட்டையான தையல். ஒரு வட்டம் தட்டையாக விரிய வேண்டுமென்றால், ஒவ்வொரு சுற்றிலும் அதன் சுற்றளவு தையலின் உயரத்தைப்போல் 6 மடங்குக்குக் கொஞ்சம் மேலே கூட வேண்டும். ட்ரெபிள் உயரம், அதனால் சுற்றுக்கு 12 தையல் கூட்டலாம். டபுள் குரோஷேக்கு 6 போதும். நீங்கள் 6 கூட்ட வேண்டிய இடத்தில் 12 கூட்டினால் மிஞ்சியது எங்கே போகும், மேலேதான் எழும்பும். விறைப்புக்கும் அதே காரணம்தான், குட்டைத் தையல் நெருக்கமாக உட்காரும். கையை வேறு இறுக்கிப் பின்னியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், புதிதாகப் பின்னுகிற எல்லாருக்கும் அது உண்டு.

முழுவதையும் பிரித்துவிடுங்கள், மனம் நோகத்தான் செய்யும், நூல் வீணாகாது.

இனி நூல். நம் கடைகளில் வூல் என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக், ஆட்டு ரோமம் அல்ல. சந்தேகமென்றால் ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, கீழே ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு நெருப்புக்குச்சியைக் காட்டிப் பாருங்கள். ரோமம் என்றால் தலைமயிர் கருகிய மணம் வரும், நெருப்பை எடுத்தால் தானாக அணையும், சாம்பலை விரலால் நசுக்கலாம். அக்ரிலிக் உருகிக் கறுப்புப் புகை விட்டுக் கடைசியில் கல் மாதிரி ஒரு உருண்டை மிஞ்சும் (உருகிய சொட்டு கையில் பட்டால் கொப்பளம் நிச்சயம், இடுக்கி அதற்குத்தான்). பருத்தி கடதாசி எரிகிற மணம்.

மருதமுனை நூல் பருத்தி. சாரனுக்கும் சேலைக்கும் அதைப்போல நூல் இல்லை, ஆனால் பனித் தொப்பிக்கு வேண்டாம். குளிரைத் தடுப்பது நூலின் கனமல்ல, நூலுக்குள்ளும் தையலுக்குள்ளும் அடைபட்டு நிற்கிற காற்று. ஆட்டு ரோமம் இயல்பிலேயே சுருள் சுருளானது, அந்தச் சுருளுக்குள் காற்று நிற்கும். தன் எடையில் 30 சதவீதம் வரைக்கும் ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தெரியாது. நெசவுப் பருத்தி இறுக்கி முறுக்கியது, காற்றுக்கு இடமில்லை, இழுபடவும் மாட்டாது. பனியில் நனைந்தால் ஈரத்தை அப்படியே பிடித்துவைத்துத் தலையைக் குளிரப்பண்ணும். அக்ரிலிக் இரண்டுக்கும் நடுவில்: லேசு, மலிவு, மெஷினில் துவைக்கலாம், சூடும் ஓரளவு பிடிக்கும், காற்று வேகமாக அடித்தால்தான் தோற்றுவிடும். முதல் தொப்பியைப் பழகுவதற்கு அக்ரிலிக்கிலேயே பின்னுங்கள், அதை அனுப்பினாலும் குறையில்லை.

நல்லதாகத்தான் ஒன்று கொடுக்க வேண்டுமென்றால் தம்பியையே அங்கே நூல் வாங்கி, ஊருக்கு வருகிற ஆக்களிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். பந்தின் சீட்டில் மெரினோ (ஒரு சாதி ஆட்டின் ரோமம்) என்றும் சுப்பர்வோஷ் (மெஷினில் துவைத்தாலும் சுருங்காதது) என்றும் இருக்க வேண்டும், தடிப்புக்குரிய இலக்கம் 4. இது 100 கிராமுக்கு ஏறத்தாழ 200 மீற்றர் ஓடும். புடைப்புத் தையல் நூலை நன்றாகத் தின்னும், ஆகவே 2 பந்து, இரண்டிலும் சாய இலக்கம் ஒன்றாக இருக்கட்டும், இல்லாவிட்டால் பாதித் தொப்பியில் நிறம் மாறுவது வெயிலில் பிடித்தால்தான் தெரியும். மெரினோவை ஏன் கேட்கிறேன் என்றால், 30 மைக்ரோனுக்கு (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழைதான் நெற்றியில் குத்தி அரிப்பைத் தருவது, மெரினோ இழை அதைவிட மெல்லியது. சுப்பர்வோஷை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சாதாரண ரோமத்தில் பின்னிய ஒரு தொப்பியைச் சுடுதண்ணீரில் போட்டுக் கும்மித் துவைத்தேன், எடுத்தபோது அது தேங்காய் ஒன்றுக்கு அளவாக இருந்தது. தனியாக இருக்கிற பெடியன் கையால் துவைப்பானா, நீங்களே சொல்லுங்கள்.

சரி, அளவு. தம்பியைக் காதுக்குச் சற்று மேலே, நெற்றியோடு சேர்த்து நாடா பிடித்து அளந்து சொல்லச் சொல்லுங்கள். 56 சென்ரிமீற்றர் என்றால் அதில் 4 குறையுங்கள், தொப்பி இழுபட்டு நிற்க வேண்டும். 52-ஐ 3.14-ஆல் பிரித்தால் 16.5. உச்சி வட்டத்தின் விட்டம் அதுதான், புடைப்புத் தையல் கொஞ்சம் உள்ளே இழுக்கும் என்பதால் 17 வரை போகலாம். 5.5 மில்லிமீற்றர் ஊசியால் ட்ரெபிளில் 12, 24, 36, 48, 60, 72 என்று வந்தால் அநேகமாக அந்த இடத்தில் நிற்பீர்கள். ஆனால் எண்ணிக்கையை நம்பாமல் வட்டத்தை அடிமட்டத்தால் அளவுங்கள், உங்கள் கை இறுக்கம் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு கூட்ட வேண்டாம். ஒரு ட்ரெபிளைக் கீழ்ச் சுற்றுத் தையலின் தலையில் குத்தாமல், அதன் தண்டை முன்பக்கமாகச் சுற்றி எடுங்கள், அடுத்ததைப் பின்பக்கமாகச் சுற்றி எடுங்கள். ஒன்று முன்னே, ஒன்று பின்னே. அடுத்த சுற்றில் முன்னே நிற்பதன்மேல் முன்னே, பின்னே நிற்பதன்மேல் பின்னே என்று போனால் நெல்லு வயல் வரம்பு மாதிரி நிமிர்ந்த வரிகள் விழும், பார்க்க நல்ல வடிவு. வடிவுக்கு மட்டுமல்ல, வரிக்கு வரி உள்ள பள்ளத்தில் காற்று நிற்கும், தொப்பியும் இரட்டைத் தடிப்பாகும், வெறும் ட்ரெபிளில் உள்ள ஓட்டைகளும் அடைபடும். உச்சியிலிருந்து 22 சென்ரிமீற்றர் வந்தால் காது மூடும். ஓரத்தை மடித்துப் போடுவதென்றால் 28 வரை பின்னுங்கள், கடைசி 3 சுற்றுக்கு 4.5 ஊசி, அப்போதுதான் தொப்பி தளராது.

கையில் வியர்வை வந்தால் அக்ரிலிக் ஊசியில் ஒட்டிக்கொண்டு கீச்சென்று சத்தம் போடும். பிளாஸ்ரிக் ஊசியை விட்டு அலுமினியத்துக்கு மாறுங்கள், கையில் கொஞ்சம் பவுடர். சூடாக அடிக்கிற கச்சான் காற்றுக் காலத்துப் பகலில் பின்ன உட்காரவே வேண்டாம், நான் விடியக் காலையில்தான் பின்னுவேன்.

முடிந்த பிறகு அக்ரிலிக் தொப்பியின்மேல் சூடான ஸ்திரிப்பெட்டியை வைக்காதீர்கள், வரிகள் எல்லாம் படுத்துவிடும், பிறகு எழும்பாது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்து, துவாயில் சுருட்டிப் பிழிந்து, ஊதின பலூன் ஒன்றின்மேல் போட்டுக் காய விடுங்கள். மாரி மழை தொடங்கிவிட்டால் அது காய 2 நாள் எடுக்கும், ஈரத்தோடு பார்சலில் போட்டுவிடாதீர்கள்.