ஆபிரிக்கா போகிறவருக்கு மலேரியா குளிசை எதற்கு?

கேள்வி: கம்பெனி வேலையாக அடுத்த மாதக் கடைசியில் மூன்று மாதம் உகண்டா போகிறேன். மலேரியாவுக்குக் குளிசை குடிக்கத்தான் வேண்டுமா? "சின்ன வயதில் உனக்கு மலேரியா வந்து போனதுதானே, இனி வராது" என்கிறார் அப்பா. – வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: கட்டாயம் குடிக்க வேண்டும். அப்பா அவர் கண்ட மலேரியாவை வைத்துச் சொல்கிறார். நம் பக்கம் அப்போது பெரும்பாலும் வந்தது வைவாக்ஸ் என்ற வகை. போர்த்திக்கொண்டு நடுங்கினாலும் குளோரோகுயின் என்ற பழைய மலேரியாக் குளிசையோடு எழும்பிவிடுவார்கள். உகண்டாவில் இருப்பது பல்சிபாரம். மூளை, சிறுநீரகம் என்று தாக்கி ஓரிரு நாளிலேயே உயிரை எடுத்துவிடக்கூடியது, குளோரோகுயினுக்கும் அடங்காது. சின்ன வயதுக் காய்ச்சல் தந்த எதிர்ப்புச் சக்தி இவ்வளவு காலம் நிற்காது. இலங்கையில் மலேரியாவின் தொடர்ச்சியான உள்ளூர்ப் பரவலே 2012 ஒக்டோபரோடு நின்றுவிட்டது.

குளிசையை மலேரியா தடை இயக்கம் இலவசமாகத் தருகிறது. மட்டக்களப்பு பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையில் இப்போதே விசாரியுங்கள். மெப்லோகுயின் என்றால் கிழமைக்கு ஒன்று, புறப்பட இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே தொடங்க வேண்டும். வலிப்போ மனநோயோ இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், வேறு மருந்து தருவார்கள்.

திரும்பி வந்த பிறகும் நான்கு கிழமை குடிக்க வேண்டும். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். கிருமி முதலில் ஈரலில் ஒளிந்திருந்து பிறகுதான் இரத்தத்துக்கு வரும், வரும்போது மருந்து அங்கே இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த சந்தோசத்தில் குளிசைக் கார்ட் சூட்கேசின் பக்கப் பையிலேயே கிடந்துவிடுகிறது. நான்கு குளிசை மிச்சமிருந்த கார்டோடு, பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டு என்னிடம் வந்தவர் ஒருவர் உண்டு.

அப்புறம், மஞ்சள் காய்ச்சல் ஊசி. கொழும்பு, பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் போடுவார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் அதற்குத் தரும் சான்றிதழ் செல்லும், அதனால் கடைசிக் கிழமையில் இரவு பஸ் ஏறிப் பயனில்லை. அங்கே நுளம்பு வலைக்குள் படுங்கள், மலேரியா நுளம்பு இரவில்தான் கடிக்கும்.

வந்து ஒரு வருடத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், "உகண்டா போய் வந்தேன்" என்று டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மட்டக்களப்பில் காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் முதலில் டெங்குதான் ஞாபகம் வரும். மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனையை நீங்களே கேளுங்கள். முதல் தடவை இல்லை என்று வந்தாலும் காய்ச்சல் விடாவிட்டால், அடுத்த நாளே மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.