நெப்போலியன் இருந்தாரா? – கடிதமும் பதிலும்

சார், வணக்கம். ஞாயித்துக்கிழமை தமிழ்ச் சங்கத்துல பேசிட்டிருந்தப்ப ஒரு நண்பர், நெப்போலியன்னு ஒருத்தர் இருந்ததே இல்லைன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் நிரூபிச்சிருக்கார், உங்க பகுத்தறிவு ஆராய்ச்சியோட லட்சணம் இதுதான்னுட்டார். அப்படி ஒரு புத்தகம் நிஜமாவே இருக்கா?
– ஒரு வாசகர், அல்சூர், பெங்களூர்

வணக்கம்ங்க. இருக்கு. 1827-ல பெரெஸ்ங்கிற லைப்ரரியன் கேலியா எழுதின குட்டிப் புத்தகம். அதுக்கு முன்னாடி 1795-ல டுபுயின்னு ஒருத்தர் எல்லா மதமும் சூரிய வழிபாடுதான், ஏசுவும் சூரியன்தான்னு பெருசா எழுதியிருந்தார். பெரெஸ் அதே முறையை எடுத்து நெப்போலியன் மேல போட்டுக் காட்டினார்: நெப்போலியன்தான் கிரேக்க சூரியக் கடவுள் அப்போலோ, அவரோட அம்மா லெடீசியாதான் அப்போலோவோட அம்மா லேட்டோ, நாலு சகோதரர்கள் நாலு பருவம், அவரோட தளபதிகளான பன்னெண்டு மார்ஷல் பன்னெண்டு ராசி, கிழக்கே எகிப்துல இருந்து உதிச்சு வந்து மேற்குக் கடல்ல, அவரை நாடு கடத்தி வச்ச செயின்ட் ஹெலினா தீவுல அஸ்தமனம். படிச்சவங்கள்ல நெப்போலியன் படையில சண்டை போட்டவங்களே இருந்திருப்பாங்க, அதான் அடி அவ்ளோ பலமா விழுந்துச்சு. டுபுயிக்கு அது வேணும், ஒத்துமையை மட்டும் அடுக்கிக்கிட்டே போனா எதையும் நிரூபிச்சிடலாம்.

ஆனா எனக்கு முக்கியமான புத்தகம் 1819-ல இங்கிலாந்துல வேட்லிங்கிற பாதிரியார், நெப்போலியன் இருந்ததுக்கே சாட்சி போதாதுங்கிற மாதிரி எழுதினதுதான், அப்ப நெப்போலியன் உயிரோடவே இருக்கார். அற்புதங்களுக்கு சாட்சி போதாதுன்னு ஸ்காட்லாந்து தத்துவவாதி ஹியூம் 1748-ல எழுதினாரே, அவருக்குப் பதில் அது. 1815-ல இங்கிலாந்தோட பிளிமத் துறைமுகத்துல கைதியா கப்பல்ல நின்ன நெப்போலியனைப் பாக்க ஜனம் போச்சு இல்ல, நீங்க பாத்தது தொப்பி போட்ட ஒரு ஆளை, அவர்தான் நெப்போலியன்னு யாரோ சொன்னாங்க, அவ்ளோதானேன்னு மடக்குறார். இந்த இடம் அபாரம், நம்ம நம்பிக்கையில எவ்ளோ அடுத்தவங்க சொன்னதுன்னு உறைக்குது.

ஆனாலும் வேட்லி ஒண்ணைத் தாண்டிப் போயிடுறார். ஹியூம் கேட்டது இயற்கை விதியை மீறின சம்பவத்தைப் பத்தி. ஒருத்தர் அடுத்தடுத்து போர்ல ஜெயிக்கிறது அபூர்வம்தான், ஆனா செத்தவர் எழுந்து வர்ற மாதிரி இல்லையே? 1835-ல ஸ்ட்ராஸ்ங்கிற இறையியல் அறிஞர் ஏசு வாழ்க்கையைப் பத்தி ஜெர்மன்ல எழுதினப்ப கேள்வியே வேற ஆயிடுச்சு, ஏசு இருந்தாரான்னு இல்ல, அவரைச் சுத்தி இந்தக் கதைகள் எப்படி வளந்துச்சுன்னு. அதை பெரெஸ் தொடவே இல்ல. நம்ம சென்னையில 1882-ல வர ஆரம்பிச்ச தத்துவ விவேசினிங்கிற பகுத்தறிவுப் பத்திரிகைக்காரங்க சாஸ்திரத்தையும் சடங்கையும் பத்திக் கேட்டதுக்கும் பெரெஸ்ட்ட பதில் கிடையாது.

உங்க நண்பர்ட்ட வேட்லியையே குடுங்க, சின்னப் புத்தகம்தான், ஆனா அற்புதங்களைப் பத்தின ஹியூமோட அந்த ஒரு அத்தியாயத்தை முதல்ல படிக்கச் சொல்லுங்க.